ஒரு கட்டியக்காரருக்குச் சொல்லாமல் விட்ட கட்டியம்

1

போன கிழமை பாராளுமன்றத் திறப்பு விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அரசருக்கு முன்னே ஹெரல்டுகள் என்னும் ஆங்கிலேயக் கட்டியக்காரர்கள் இரண்டிரண்டு பேராக வந்தார்கள். சிவப்பும் நீலமும் பொன்னுமாய்ச் சிங்கமும் யாழும் இழைத்த விறைப்பான பட்டுச் சட்டை, கறுப்புக் காலுறை, சத்தம் எழாத நடை. அந்த நீண்ட மண்டபத்தில் அவர்கள் தண்ணீருக்கடியில் நடப்பவர்கள் போலத் தெரிந்தார்கள்.

பேத்தி அபிராமிக்கு அன்று காய்ச்சல். என் மகள் நளாயினி வேலைக்குப் போகும் வழியில் அவளைக் குட்மேய்ஸிலிருந்து கூட்டிவந்து, செவன் கிங்ஸில் நான் தனியே இருக்கும் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். அபி போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, சீட்டுக்கட்டு எழும்பி நடக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள். அவளுக்குப் பதினாலு வயது. தமிழில் அவளிடம் மிஞ்சியிருப்பவை உறவுமுறைச் சொற்களும் சாப்பாட்டின் பெயர்களும்தான்.

நான் சிரிக்கவில்லை. இடப்பக்கத்தில் வந்தவரின் சட்டையில் தோளருகே பொன்னூல் சற்று வெளிறியிருந்தது. முன்பொருமுறை அந்த இடத்தில் கிழிந்ததைத் தைத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். சட்டைகள் அரண்மனைக்குச் சொந்தமானவை. ஒருவர் போனால் அடுத்தவர் தோளுக்கு ஏறும். வெளிறிய நூல் என் கற்பனையாகவும் இருக்கலாம். ஆனால் எனக்கு அது கென்னத் பென்ஃபோல்ட்டின் சட்டை. அதற்குள் யாரோ ஒரு இளைஞர் நடந்துகொண்டிருந்தார்.

"அது செத்துப்போன என்ரை நண்பற்ரை சட்டை," என்றேன்.

அபி எழுந்து உட்கார்ந்தாள். யார், எப்போது செத்தார், நான் செத்தவீட்டுக்குப் போனேனா என்றெல்லாம் கேட்டாள். போகவில்லை, அப்போது எனக்குக் கடுமையான சளிக்காய்ச்சல் என்றேன்.

அது பொய். ஒரு வருடத்துக்கு முன் ஒருவருக்குச் சொன்ன பொய்யை, எந்தத் தடுமாற்றமும் இல்லாமல், என் பேத்திக்கும் சொன்னேன். அதனால்தான் இந்தக் குறிப்பை எழுதத் தொடங்கினேன்.

2

நான் ஊரில் வரலாறு படிப்பித்தவன். எண்பதுகளின் நடுவில் இங்கே வந்து, அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். உள்துறை அலுவலகம் ஒரு விசித்திரமான சந்தேகத்தைக் கிளப்பியது. என் குடும்பப் பெயர் கணபதிப்பிள்ளை. என் தகப்பனின் குடும்பப் பெயர் வேலுப்பிள்ளை. என் மகளின் குடும்பப் பெயர் சிற்றம்பலம். மூன்று பேரும் ஒரே குடும்பம் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். எங்களிடம் குடும்பப் பெயர் என்ற ஒன்று கிடையாது, தகப்பன் பெயரைத்தான் பின்னால் போடுகிறோம் என்று எழுதினேன். உங்கள் பதில் முழுமையாக இல்லை என்று திருப்பி எழுதினார்கள்.

உறுதிமொழிப் பத்திரமான சத்தியக் கடதாசி எழுதித் தரும் ஒருவர் பெரிய தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று யாரோ சொல்லி, மழையில் அலைந்து, பிழையான கட்டடத்துக்குள் ஏறிவிட்டேன். உள்ளே ஒரு சிம்மாசனம், சுவரெல்லாம் கொடிகள், கேடயங்கள். கம்பளிச் சட்டை போட்ட ஒரு மெலிந்த மனிதர் வெளியே வந்து, என்ன வேண்டும் என்று கேட்டார். அவர்தான் பென்ஃபோல்ட்.

நான் ஏறியது ஹெரல்டுகளின் அலுவலகம். அரசரின் கட்டியக்காரர்கள் என்று தமிழில் சொல்லலாம். குலச்சின்னங்களை வழங்கிப் பதிவது, வம்சங்களை ஆராய்வது, பெரிய ஊர்வலங்களில் யார் முன்னே யார் பின்னே என்று ஒழுங்கு செய்வது அவர்கள் வேலை. அங்கே ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு ஹெரல்ட் முறை இருப்பார். அந்தக் கிழமையில் வாசலேறி வருகிறவர் அந்த ஹெரல்டின் ஆள். பிறகு எத்தனை வருடம் கழித்து வந்தாலும் அவரிடம்தான் போக வேண்டும்.

நான் பிழையாக வந்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டுத் திரும்பினேன். அவர் விடவில்லை. "என்னுடைய கிழமையில் வந்திருக்கிறீர்கள்," என்றார். "ஆகவே நீங்கள் என்னுடையவர்."

என் பெயர்ப் பிரச்சினையைக் கேட்டு அவர் முகம் மலர்ந்தது. வேல்ஸ்காரர்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் பெயர் வைத்தார்கள் என்றார். என் வம்சத்தைத் தன் கையால் வரைந்து, நாங்கள் பெயர் வைக்கும் முறையை விளக்கி, அலுவலக முத்திரையோடு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு உள்துறை அலுவலகம் என் தகப்பனை என் தகப்பன் என்று ஒத்துக்கொண்டது.

அடுத்த வருடம் அவரிடமே உதவியாளனாகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

3

ஊரிலுள்ளவர்கள், வெள்ளைக்காரப் பிரபுவிடம் வேலை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். பென்ஃபோல்ட் பிரபு இல்லை. வால்தம்ஸ்டோவில் ஒரு பஸ் கொண்டக்டரின் மகன். சின்ன வயதில் தகப்பனோடு போகும்போது, நகர மண்டபத்து வாயிலில் இருந்த சின்னத்தைப் பார்த்து, இதை யார் இப்படி வை என்று சொன்னது என்று கேட்டிருக்கிறார். தகப்பனுக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதுதான் தன் வாழ்க்கை என்பார்.

ஒரு முதிய ஹெரல்டிடம் எடுபிடியாகச் சேர்ந்து, பல வருடம் மற்றவர்களுக்காகப் பழைய ஏடுகளைக் கிளறி, நாற்பதை நெருங்கும்போது கடைசிப் படியில் ஒரு பதவி கிடைத்தது. நியமனம் கிடைத்த அன்று தகப்பன் உயிரோடு இல்லை. அதற்குப் பின் ஒரு படி ஏறி ஹெரல்ட் ஆனார். அதற்கு மேல் ஏறவில்லை. ஏறும் ஆசையும் அவரிடம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பட்டுச் சட்டை வருடத்தில் சில நாட்களுக்குத்தான். மற்ற நாட்களில் முழங்கை தேய்ந்த கம்பளிச் சட்டையோடு, சின்ன மின்சார அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பார். சின்னம் கேட்டு வருகிறவர்களிடம், நீங்கள் எதைப் பார்த்தால் நின்றுவிடுவீர்கள் என்று கேட்பார். சிங்கம் வேண்டும் என்று வந்தவர்கள் பலர், கொக்கோடோ குழாய்த் திருகியோடோ திருப்தியாகப் போயிருக்கிறார்கள்.

இல்ஃபோர்ட்டில் கடை வைத்திருந்த நம்மவர் ஒருவர் பனை வேண்டும் என்று வந்தார். ஓவியர் தென்னையைப் போட்டுக்கொண்டுவந்தார். திருத்தினோம். மறுபடி தென்னை. கடைக்காரர் என் பக்கம் திரும்பி, "அண்ணை, உவருக்கு ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ, தென்னை வைக்க நான் என்ன சிங்களப் பக்கமே" என்று பொருமினார். பென்ஃபோல்ட் என்னிடம் விபரம் கேட்டுத் தானே பென்சிலை எடுத்தார். விசிறி போன்ற ஓலை, கறுத்த நேர்த் தண்டு, கீழே உதிராமல் தொங்கும் காவோலை. கடைக்காரர் அந்தக் காவோலையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

என் ஊரின் பெயரில் யாழ் இருக்கிறது என்று ஒருநாள் சொன்னேன். அவர் அன்று விழாவுக்குப் போகச் சட்டை அணிந்துகொண்டிருந்தார். நெஞ்சுக்குக் கீழே பொன்னில் இழைத்திருந்த யாழை விரலால் தட்டி, "இத்தனை வருடமாக உங்கள் ஊரைத்தான் சுமக்கிறேன் போலிருக்கிறது" என்றார். அரச ஊர்வலத்தில் இந்த மனிதர் என் ஊரைச் சுமந்துகொண்டு நடக்கிறார் என்ற நினைவு, பஸ்ஸில் வீடு திரும்பும்போது, கண்ணாடியில் விளக்குகள் ஓட ஓட, என்னை நெடுநேரம் மிதக்க வைத்தது.

என் மனைவி தவறியபோது பென்ஃபோல்ட் வந்தார். சுண்ணம் இடிக்கும் சடங்கும் தேவாரமும் முடியும்வரை, ஒரு மூலையில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். செத்தவீட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுக வேண்டும் என்று நான் எப்போதோ சொன்னது அவருக்கு நினைவிருந்தது. மறுநாள் தொலைபேசியில், வீட்டுக்குப் போனதும் முறைப்படி முழுகிவிட்டேன் என்றார். எங்கள் வழக்கத்தை அவரளவுக்கு மதித்தவர்கள் எங்கள் ஆட்களிலேயே குறைவு.

4

இரண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகு, ஒரு கோடையில் அவரைக் கோயில் தேருக்குக் கூட்டிப் போனேன். மூடிய கடைகளுக்கும் வரிசை வீடுகளுக்கும் நடுவே தேர் ஆடி ஆடி வந்தது. தூறல். கற்பூரப் புகை மழையில் கரைந்து தெருவோடு ஓடியது. பொலிஸ்காரப் பெண் ஒருத்தி தேங்காய்ச் சிதறலைத் தாண்டித் தாண்டி நடந்தாள்.

தேர் நின்றதும் வெள்ளிப்பிடித் தடியோடு ஒருவர் முன்னுக்கு வந்து, சுவாமிக்கு முன் கட்டியம் சொன்னார். பட்டங்களும் பெருமைகளும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, கடைசியில் குரலைத் தூக்கி, பராக் என்று முடிக்கும் அந்தப் பழைய முறை. பென்ஃபோல்ட் குடையை மடக்கிவிட்டார். அவர் யார் என்று என்னைக் கேட்டார். சுவாமி வருகிறார் என்று அறிவிப்பவர், சுவாமி யார் என்று சொல்பவர் என்றேன்.

"அப்படியென்றால் என் தொழில்தான் அவருக்கும்," என்றார்.

இளவயதில் ஒருமுறை நானும் அதைச் சொல்லியிருக்கிறேன். ஊரில் கட்டியம் சொல்பவருக்குத் தொண்டை கட்டிப்போக, விவாதமேடைகளில் சத்தமாகக் கதைப்பவன் என்பதற்காக என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். அதைச் சொன்னதும் அவர் அங்கேயே, தெருவில், மழையில், சொல்லிக்காட்டச் சொன்னார். மெதுவாகச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார்.

மறுவருடம் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. வால்தம்ஸ்டோ வீட்டில், விதவையான தங்கை மார்கரெட்டோடு இருந்தார். ஒருநாள் போனபோது தலையணையில் சாய்ந்தபடி ஒரு விடயம் கேட்டார். பெரிய மனிதர்களைப் புதைக்கும்போது, ஹெரல்ட் குழியருகே நின்று இறந்தவரின் பட்டங்களை உரத்துச் சொல்வது இங்கே மரபு. ஆனால் ஹெரல்ட் செத்தால் அப்படிச் சொல்ல ஆளில்லை. அவருடைய தரத்துக்கு அந்த மரியாதை கிடையாது.

"ஆங்கிலத்தில் எனக்கு உரிமை இல்லை," என்றார். "தமிழில் எந்தத் தடையும் இருப்பதாக எங்கள் விதிகளில் காணவில்லை."

பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்வேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஒரு மாதம் அதற்காக உழைத்தேன். கொண்டக்டரின் மைந்தர் என்று தொடங்கினேன். அரசர்களுக்கு வழிகாட்டி நடந்தவர், பனையைத் தென்னையிலிருந்து பிரித்தறிந்தவர், யாழை நெஞ்சில் சுமந்தவர், நாடற்று வந்தவனுக்குத் தகப்பனை மீட்டுத் தந்தவர். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பழகினேன்.

5

அவர் இறந்த செய்தியை மார்கரெட் தொலைபேசியில் சொன்னார். அடுத்த நாள் மறுபடி எடுத்து, அடக்கம் இரண்டு கிழமை கழித்து ஒரு புதன்கிழமை என்றார். நாட்காட்டியைப் பார்த்தேன். அந்தக் கிழமையே சனிக்கிழமை அபி பெரியவளானதற்கான சாமத்தியவீடு. மண்டபம், சாப்பாடு, மணவறை, படப்பிடிப்பு எல்லாம் எப்போதோ பேசி முடித்தாயிற்று. நளாயினி என் ஒரே பிள்ளை. தாய்மாமன் இல்லாதபடியால் அந்த இடத்தில் நின்று பிள்ளைக்குத் தேங்காய் உடைப்பதும், முதலில் தலையில் பாலும் அறுகும் வைப்பதும் நான்தான்.

நளாயினியிடம் போய் விடயத்தைச் சொன்னேன். அவள் பலகாரத் தட்டுகளுக்குக் கண்ணாடிக் கடதாசி சுற்றிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த தட்டைச் சுற்றி முடித்து ஒதுக்கி வைத்தாள்.

"அப்பா, நான் போக வேண்டாம் எண்டு சொல்லமாட்டன். ஆனால் செத்தவீட்டுக்குப் போயிட்டு வந்து மூண்டாம் நாள் பிள்ளைக்குப் பால் வைச்சால் மாமியாக்கள் என்ன கதைப்பினம் எண்டு உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்டு எண்டால் உதைத்தான் இழுப்பினம்."

முழுகினால் போதும்தானே என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. துடக்கு என்னும் சாவுத் தீட்டை நான் நம்புகிறேனா என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. சம்பந்தி வீட்டார் கதைப்பார்கள் என்பதை உறுதியாக நம்பினேன்.

மார்கரெட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். சளிக்காய்ச்சல், வெளியே போகக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார் என்றேன். வழக்கம், துடக்கு, பேத்தியின் விழா என்றெல்லாம் ஒரு ஆங்கிலேயப் பெண்ணுக்கு விளங்கப்படுத்த எனக்குக் கூச்சமாக இருந்தது. உங்கள் அண்ணனின் சவப்பெட்டியைவிட ஒரு கொண்டாட்டம் எனக்குப் பெரிது என்று எப்படிச் சொல்வது? அவர் மிகவும் கனிவாக, வெளியே வந்துவிடாதீர்கள், சூடாக ஏதாவது குடியுங்கள் என்றார்.

அந்தப் புதன்கிழமை காலை, நான் நல்ல சுகத்தோடு, தைத்து வந்த புதுச் சட்டையின் அளவைக் கண்ணாடி முன் பார்த்துக்கொண்டு நின்றேன். சனிக்கிழமை பால் வைத்தேன். படங்களில் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

6

இவ்வளவும் எழுதிவிட்டு, காய்ச்சல் விட்டு அபி மறுபடி வந்த அன்று, அவளுக்கு உண்மையைச் சொன்னேன். அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். தான் அந்தப் பார்ட்டியே வேண்டாம் என்று அம்மாவிடம் அழுததாகவும், யாரும் தன்னைக் கேட்கவில்லை என்றும் ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு, குரல் இறங்கி, தட்டித்தடுமாறித் தமிழிலேயே, "அம்மப்பா, அப்ப இது என்னாலையா?" என்றாள்.

இல்லை என்றேன். இல்லை என்று எத்தனை விதமாகச் சொன்னாலும் அவள் முகம் தெளியவில்லை. அந்தப் பொய்யைத் தூக்கி ஒரு பிள்ளையின் தலையில் வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. மார்கரெட் அன்ரியிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றாள். தானும் வருகிறேன் என்றாள்.

எங்கள் கணக்கில் அவருடைய முதல் வருட ஆட்டைத்திவசம் வரும் நாளில், வால்தம்ஸ்டோவுக்குப் போனோம். மார்கரெட் எங்களை முன்னறையில் இருத்தித் தேநீர் ஊற்றினார். குசினியில் வானொலி மெல்லப் பாடிக்கொண்டிருந்தது. நான் தொடங்குவதற்குள் அவரே அடக்கத்தைப் பற்றிச் சொன்னார். வழிபாட்டு ஒழுங்கைக் கென் முன்பே எழுதி வைத்திருந்தாராம். ஒரு இடத்தில், இங்கே என் நண்பர் எழுந்து பேசுவார் என்று இருந்ததாம். நான் வரமாட்டேன் என்று பாதிரியாரிடம் சொல்ல மார்கரெட் மறந்துவிட்டார். பாதிரியார் அந்த இடத்தில் நிறுத்திக் காத்திருந்தார். எல்லோரும் தலைகுனிந்து காத்திருந்தார்கள்.

"வெளியே வந்தபோது பலர் என் கையைப் பிடித்தார்கள்," என்றார். "அந்த மௌனம்தான் மிக அழகாக இருந்தது என்றார்கள்."

எனக்குச் சளிக்காய்ச்சல் இருக்கவில்லை என்றேன். சாமத்தியவீடு, துடக்கு, சம்பந்தி வீட்டார், என் பயம், சொல்லாமல் விட்ட தமிழ்க் கட்டியம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அபி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்கரெட் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்கள் விழா எந்த நாள்?"

"சனிக்கிழமை."

அவர் கோப்பையைத் தட்டில் வைத்தார்.

"அதற்கு அடுத்த கிழமை வியாழக்கிழமையும் தேவாலயம் காலியாகத்தான் இருந்தது," என்றார். "பாதிரியார் இரண்டு நாளையும் சொல்லி, எது வேண்டும் என்று கேட்டார். பூக்கடைக்காரருக்கு வசதி என்று நான்தான் புதனைச் சொன்னேன். நீங்கள் சொல்லியிருந்தால் மாற்றியிருப்பேன். கென்னுக்கு அவசரம் ஒன்றும் இருக்கவில்லையே."

எங்கள் ஊரில் செத்தவர் ஒரு இரவுக்கு மேல் வீட்டில் இருப்பதில்லை. நாள் குறித்தால் குறித்ததுதான். இங்கே செத்தவர்கள் கிழமைக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியும். இந்த நாட்டில் எத்தனையோ அடக்கங்களுக்கு ஒழுங்கு செய்யும் அலுவலகத்தில் வேலை செய்தவன் நான். வழக்கம் என்னைத் தடுக்கவில்லை. மாமியாக்களும் தடுக்கவில்லை. தொலைபேசியில் உண்மையாக ஒரு வசனம் சொல்லியிருந்தால் பிள்ளைக்குப் பாலும் வைத்து, அவருக்குக் கட்டியமும் சொல்லியிருப்பேன்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தட்டைத் தள்ளி வைத்தார். எழுந்து குசினிக்குள் போனார். வானொலி நின்றது. திரும்பி வந்து, தேவாலயத்தில் இருப்பதுபோல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டார்.

"எனக்கு ஒரு சொல்லும் விளங்கப் போவதில்லை," என்றார். "மெதுவாகச் சொல்லுங்கள்."

அபி என் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டாள். நான் எழுந்து நின்றேன்.